மலை இல்லாத பக்கம்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடப் பழகியவன் கையில் வரைபடத்தைக் கொடுக்கக் கூடாது. அவன் தூரத்தை மட்டும்தான் அளப்பான். நானும் அளந்தேன். ஒரு நூலை எடுத்து, பீல் நகரத்திலிருந்து சோதி அண்ணை இருந்த ஊர்வரைக்கும் படத்தின்மேல் வளைத்து வைத்துப் பார்த்தால் எழுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்புகிற தூரம். "விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கை நிக்கலாம்" என்று யோகனிடம் சொன்னேன். அவன் நம்பினான். அவனும் யாழ்ப்பாணம்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிசில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். நான் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். யோகன் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினான். இருவருக்கும் ஓர் அறை, இரண்டு கட்டில், சோறு வைக்க ஒரு சட்டி. யோகனுக்கு வாய் ஓயாது. நான் யோசித்துத்தான் பேசுவேன் என்று சொல்வேன். யோசித்து முடிக்கும்போது கதை முடிந்துவிடுகிறது என்று அவன் சொல்வான்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது விசாரணை. முதல் விசாரணையில் அதிகாரி கேட்டார்: "நீர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" கடவுச்சீட்டை, காசு வாங்கி எங்களை இங்கே கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். என்னிடம் இருந்தது என் முகமும் என் தமிழும் மட்டும்தான். இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு எழுதினேன். அம்மா பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அனுப்பினா. தபாலில் அல்ல. எங்கள் சனம் தபாலில் சுகம் விசாரிக்கும். முக்கியமான எதையும் அந்தப் பக்கம் வருகிற ஆட்களிடம்தான் கொடுத்துவிடும்.

அப்படி வந்தவர்தான் சோதி அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவர் வந்து இறங்கியதும் அரசாங்கம் அவரை ஜூரா மலைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு எல்லையோரத்து ஊர் ஒன்றிலிருந்த அகதிகள் விடுதிக்கு அனுப்பிவிட்டது. பதிவுத் தபாலில் போடுங்கோ அண்ணை என்று எழுதினேன். பதில் ஒரு வரி: "தாய் கையிலை தந்தது, உன்ரை கையிலைதான் தருவன்." ஆகவே நான் போக வேண்டியிருந்தது.

ரயிலில் போயிருக்கலாம். ஆனால் விசாரணைக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உடம்பு முறிந்தாலாவது நித்திரை வரும் என்று நினைத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரு விதி இருந்தது: நாட்டுக்குள் எங்கேயும் திரியலாம், நாட்டை விட்டு மட்டும் வெளியே கால் வைக்கக் கூடாது. வைத்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு கொழும்பு விமானம்தான். ஜூரா நாட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்று புறப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை. என்னுடையது ஒரு பழைய கறுப்புச் சைக்கிள், கியர் கிடையாது, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். யோகனுடையது முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். இரண்டிலும் பெர்ன் மாநிலத்துச் சின்னச் சிவப்பு இலக்கத் தகடு. இந்த நாட்டில் சைக்கிளுக்கும் காப்புறுதி, சைக்கிளுக்கும் பதிவு. கூடைக்குள் ரொட்டியும், பைக்கற்றில் வருகிற உலர்ந்த தேங்காய்ப்பூவில் இடித்த சம்பலும், காற்றுப் போனால் ஒட்டச் சொலூசன் குழாய் ஒன்றும் இருந்தன.

வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில் வளைந்து ஓடின. ஒழுங்கைகள் என்று நினைத்தோம். எங்கள் ஊரில் வீட்டுக்கொரு ஒழுங்கை இருப்பதுபோல இங்கேயும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். கோடுகள் நெருக்கமாக இருந்த இடத்தில் சனம் கூடுதலாக இருக்கும், வழி கேட்கலாம், தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தோம்.

ஒரு மணித்தியாலத்தில் இறங்கி உருட்டத் தொடங்கினோம். இரண்டு மணித்தியாலத்தில் யோகன் பேச்சை நிறுத்திவிட்டான். அது எனக்குப் பயத்தைத் தந்தது. ஒழுங்கை ஒன்றையும் காணவில்லை. சனமும் இல்லை. தேவதாரு மரங்களும், கழுத்தில் மணி கட்டிய மாடுகளும், மேலே மேலே போகிற ஒரு வெள்ளைக் கிரவல் றோட்டும்தான். அந்த றோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கிரவல் போட்டால் முதல் மழையோடு அது வாய்க்காலுக்குப் போய்விடும். இங்கே காட்டுக்குள், மாடு மட்டும் நடக்கிற பாதையில், யாரோ கல்லை அரித்து, பரவி, உருளை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். சில்லின் கீழே அது நொறுநொறுவென்று அப்பளம் உடைவதுபோலச் சத்தம் போட்டது.

இயந்திரச் சைக்கிளில் வந்த ஒரு தபால்காரர் எங்களைக் கண்டு நிறுத்தினார். தொழிற்சாலையில் பொறுக்கிய என் பிரெஞ்சில், ஒழுங்கைகள் எங்கே என்று படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இது பாதை இல்லை. உயரம். கோடு நெருங்க நெருங்க ஏற்றம் கடுமை."

நான் மொழிபெயர்த்தேன். யோகன் கோடுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"அப்ப நாங்கள் உள்ளதுக்குள்ளை பெரிய மலையாப் பாத்துத் தெரிஞ்செடுத்திருக்கிறம். நீ பொறுக்கிற பொறுக்கு எல்லாம் உப்பிடித்தான்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் பொழுது சாய்கிறபோது பாதி வழிகூடப் போகவில்லை. ஒரு பண்ணை வீட்டில் வைக்கோல் தளத்தில் படுக்க இடம் கேட்டோம். வீட்டுக்கார அம்மா சம்மதித்தா. பிறகு ஒரு பலகையில் உருண்டைப் பாற்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் தலையைக் கத்தியால் தேங்காய் துருவுவதுபோலச் சுரண்டி, பாணோடு நீட்டினா. இருவருக்கும் கொலைப் பசி. ஆனால் கேட்டவுடனே கை நீட்டினால் வளர்ப்புச் சரியில்லை என்பார்களே. "வேண்டாம் மதாம், பசியில்லை" என்றோம். எங்கள் வீடுகளில் இதற்குப் பிறகுதான் உபசாரம் தொடங்கும். மூன்று தரம் வற்புறுத்துவார்கள், மூன்றாவது தரம் மனமில்லாததுபோல ஏற்றுக்கொள்வோம். வீட்டுக்கார அம்மா "சரி" என்று பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. கதவும் சாத்தப்பட்டது.

"இனி இந்த நாட்டிலை என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லடா" என்றான் யோகன், ஈரம் காய்ந்த ரொட்டியைப் பிய்த்தபடி. நான் அன்று இரவு படுத்தவுடனே தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம் என்பதை மலைநாட்டான் பிறக்கும்போதே அறிவான், நாங்கள் அன்றுதான் அறிந்தோம். எங்கள் ஊரில் பிரேக் என்பது குறுக்கே ஓடுகிற நாய்க்காக வைத்திருப்பது. அரை மணித்தியாலம் விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டியது என்று யாரும் சொல்லித்தரவில்லை. யோகனின் பிரேக் கட்டைகள் பாதி வழியில் தேய்ந்து தீர்ந்தன. மிச்சத் தூரத்தை அவன் வலது சப்பாத்தின் அடியால் பிடித்தான். கீழே இறங்கியபோது அந்தச் சப்பாத்தில் காலுறை தெரிந்தது. எனக்கு இரண்டு தரம் காற்றுப் போனது. இரண்டாவது தரம் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்தபோது, வெயிலும், ஆப்பிள் மரங்களும், ஒரு சத்தமும் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கும் சேர்ந்து மனதுக்கு என்னமோ செய்தன. பயமில்லாமல் ஒரு நாள் போகிறது என்று எனக்குத் தோன்றியது. வேண்டுமென்றே மெதுவாக ஒட்டினேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு விடுதி வாசலில் சோதி அண்ணை நின்றார். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து நிற்கிறாராம்.

"நேத்தைக்கு வாறதெண்டு எழுதினனீர். கோழிக்கறி வைச்சு, சூடாக்கிச் சூடாக்கி இப்ப அது வேறை கறி."

அந்த வேறு கறியைச் சாப்பிட்டோம். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த வறுத்த தூளில் வைத்தது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர, இரண்டாம் தரம் கேட்டு வாங்கினோம். விடுதிப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சாப்பிட்ட பிறகு அண்ணை கை கழுவி, தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் பழைய புடவைத் துணி, அதற்குள் பத்திரம். பிறப்பு இறப்புப் பதிவாளரின் முத்திரை, அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், நான் பிறந்த நேரம்.

"எண்ணிப் பாரும். ஒரு கடதாசிதான், எண்டாலும் எண்ணும்" என்றார் சங்கக்கடை மனேஜர். சட்டைக்குள் பெனியனோடு சேர்த்து ஊசி குத்திக்கொண்டேன். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. யோகனின் பிரேக் இருந்த இலட்சணத்தில் மலை ஏறித் திரும்புவது நடவாது. பக்கத்து நகரத்தில் ரயில் நிலையம், சைக்கிளையும் ஏற்றலாம். ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் அறைக்குப் போய்க் குளித்துப் படுத்து, விடிய விசாரணைக்குப் போகலாம். நேர் வழியில் ஒரு மலைமுதுகு குறுக்கே கிடந்தது. இப்போது நான் கோடு வாசிக்கத் தெரிந்தவன். படத்தை விரித்து, பழுப்புக் கோடே இல்லாத பக்கத்தை விரலால் காட்டினேன். சுற்றுத்தான், ஆனால் தட்டை.

"உந்தப் பக்கம் எல்லை கிட்ட எண்டு சொல்லுறாங்கள். பாத்துப் போங்கோ" என்றார் சோதி அண்ணை.

"எல்லை வந்தால் தெரியுந்தானே அண்ணை."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் கண்ட எல்லைகளில் மண்மூட்டை இருக்கும், தகரப் பீப்பாய் இருக்கும், றோட்டுக்குக் குறுக்கே மரக்குற்றி இருக்கும், பின்னால் துவக்கோடு ஒருவன் இருப்பான். அரைக் கட்டை தூரத்துக்கு முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டுகிறவர்கள் நாங்கள். எல்லையைக் காணாமல் கடக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பனிப்புகார் மூடியிருந்தது. பீச் மரக்காட்டுக்குள் அதே வெள்ளைக் கிரவல், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. யோகன் பழைய சினிமாப் பாட்டெல்லாம் பாடினான். வழியோரத்தில் பாசி பிடித்த கல் ஒன்றில் உட்கார்ந்து, சோதி அண்ணை கட்டித்தந்த வடையைச் சாப்பிட்டோம். கல்லில் நானூற்றுச் சொச்சம் என்று ஓர் இலக்கம் வெட்டியிருந்தது.

"கட்டைக் கல்லு. பாரிசுக்கு இவ்வளவு தூரம் போலை கிடக்கு" என்றான் யோகன். "இந்தக் காட்டுக்குள்ளை ஆர் பாரிசுக்குப் போறான்?"

காடு முடிந்து புல்வெளி, புல்வெளி முடிந்து பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு தேவாலயம். வீடுகளின் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஜன்னலில் பூச்சட்டி இல்லை. சுவிசில் இப்படி ஒரு சோம்பேறிக் கிராமமா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புகாருக்குள்ளிருந்து ஒரு கார் வந்து எங்களைக் கடந்து போனது. யோகன் சைக்கிளை நிறுத்திவிட்டான்.

"மச்சான், அந்தக் காருக்கு லைற் மஞ்சள்."

"புகாருக்குப் போட்டிருப்பான்."

"இல்லையடா. பிரான்ஸ் காருக்குத்தான் மஞ்சள் லைற். எங்கடை உணவகத்துக்கு மரக்கறி கொண்டு வாறவன்ரை வானுக்கும் மஞ்சள்தான். அவன் பிரான்ஸ்காரன்."

அடுத்த வீட்டு வாசலில் நின்ற காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தோம். பிறகு அதற்கடுத்த வீட்டு வாசலில். மாநிலக் கொடியும் இல்லை, சுவிஸ் சிலுவையும் இல்லை. நாங்கள் உட்கார்ந்து வடை சாப்பிட்டது எல்லைக் கல்லில்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டைக்குள் அம்மா அனுப்பிய பத்திரம் குத்தியது. இதை எடுக்க வந்துதானே எல்லாவற்றையும் தொலைத்தேன் என்று நினைத்தேன். யாராவது கண்டுவிட்டால் திங்கட்கிழமை என்ற ஒன்றே கிடையாது. எனக்கு அழுகை வந்தது. யோகனுக்கு முன்னால் அழுவதில்லை என்று பல்லைக் கடித்தேன்.

வேலிக்கு அப்பால் ஒரு பெண் மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தா. ஐம்பது வயது இருக்கும், ரப்பர் சப்பாத்து, தலையில் துண்டு. எண்ணி முடிந்ததும் எங்களைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டா. ரயில் நிலையத்தின் பெயரைச் சொன்னேன்.

"அது சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. நீங்கள் நிற்பது பிரான்ஸ்."

"தெரியும் மதாம். இப்போதுதான் தெரியும்."

வேறு வழி தெரியாமல் அகதி விண்ணப்பக் கடதாசியை எடுத்து நீட்டினேன். அவ அதை முன்னும் பின்னும் மெதுவாக வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தா.

"வந்த காட்டுவழியால் போகாதீர்கள். பின்னேரங்களில் எல்லைக் காவலர்கள் அங்கேதான் நாயோடு நடப்பார்கள். உங்களுக்கு மாடு என்றால் பயமா?"

"இல்லை."

"அப்படியானால் என்னோடு வாருங்கள்."

அவவின் வீடும் தொழுவமும் சுவிஸ் பக்கம். மேய்ச்சல் நிலம் குத்தகைக்கு எடுத்தது, அது பிரான்ஸ் பக்கம். மாடுகள் தினமும் காலையில் ஒரு நாட்டில் மேய்ந்து, பால் கறக்க மறு நாட்டுக்குப் போகின்றன. துணைக்கு வருகிற மகன் மூன்று கிழமை ராணுவப் பயிற்சிக்குப் போய்விட்டானாம். தனியாகப் பதினெட்டு மாட்டை ஓட்ட முடியாமல் அவ எரிச்சலில் இருந்தா. எங்களுக்கு உதவி செய்தாவா, தனக்கு உதவி தேடினாவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாடு ஓட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஒரு கையில் சைக்கிள், மறு கையில் பூவரசு இல்லாத குறைக்கு ஒரு ஹேசல் கம்பு. யோகன் பின்வரிசையில் "ஹை, ஹை" என்றான். சுவிஸ் மாடு யாழ்ப்பாணத்து ஹையை உடனே விளங்கிக்கொண்டது.

பாதை ஒரு மரப்படலையில் முடிந்தது. படலைக்கு அப்பால் சாம்பல் நிற ஜீப் ஒன்று, சீருடையில் இருவர்.

"வேலைக்கு ஆட்களைச் சேர்த்துவிட்டீர்கள் போல இருக்கிறதே, மதாம்" என்றார் ஒருவர்.

"மகன் உங்களைப் போல சீருடை போட்டு விளையாடுகிறான். மாடு யார் ஓட்டுவது? படலையைத் திற."

அவர் திறந்தார். மற்றவர் எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு சைக்கிள்களைச் சுற்றி வந்து, குனிந்து, சிவப்புத் தகட்டில் பெர்ன் என்றிருப்பதை வாசித்தார். யோகனின் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பிரேக்கோடு றோட்டில் ஓடக் கூடாது" என்றார் கண்டிப்பாக. "போகிற இடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போகவும்."

"ஓம்" என்றான் யோகன் தமிழில். பதினெட்டாவது மாட்டின் பின்னால் நாங்கள் சுவிசுக்குள் நுழைந்தோம். எங்கள் சைக்கிள்களுக்கு இந்த நாட்டில் பதிவு இருந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

தொழுவத்தில் மதாம் கோப்பியா என்று கேட்டா. ஓம் என்றோம். பாணா? ஓம். பாற்கட்டி, பன்றி இறைச்சி? அதற்கும் ஓம். மாலை ரயிலில் யோகன் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான். நான் சட்டைக்குள் ஊசியைத் தடவியபடி விழித்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. அதே அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண், இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர். பத்திரத்தை முதலில் வைத்தேன். அதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இப்படியான கடதாசிகளை வாங்கவும் முடியும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகச் சொல்லி, ஒரு கிளிப்பைக் குத்தி ஓரமாக வைத்தார். பிறகு கேள்விகள். ஊரில் என் கூடப்பிறந்த அண்ணாவை எந்தத் தேதியில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோனார்கள் என்று கேட்டார். சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். எத்தனை பேர் வந்தார்கள், வாகனத்தின் நிறம் என்ன, அம்மா அப்போது எங்கே நின்றா. எல்லாவற்றுக்கும் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் புருவம் உயர்ந்தது. முதல் விசாரணையில் வேறு மாதிரிச் சொன்னீரே என்று பழைய தாள்களைப் புரட்டினார்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட, மூடியைப் பேனையில் செருகியபடி கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"விண்ணப்பித்த பிறகு எப்போதாவது இந்த நாட்டை விட்டு வெளியே போனீரா?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பெண் தட்டினா. நாலு மணித்தியாலத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதை மட்டும்தான் அவர் திருப்பிக் கேட்கவில்லை.